உள்காத்து விளக்கு

காரில் ஏசி பட்டன்களுக்கு நடுவே ஒரு பட்டன் இருக்கும். அதன்மேல் ஒரு குட்டிக் காரும், காருக்குள்ளேயே வளைந்து திரும்புகிற ஓர் அம்புக்குறியும் போட்டிருக்கும். அதை அழுத்தினால் வெளிக்காற்று வரும் வழி அடைபட்டு, உள்ளே இருக்கிற காற்றே சுற்றிச் சுற்றி வரும். பட்டன்மேல் ஒரு சின்ன விளக்கும் எரியும். கம்பெனிக்காரர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். திருவொற்றியூரில் எங்கள் கடையில் அதற்கு உள்காத்து பட்டன் என்று பெயர். ஊரின் மற்ற பகுதிகளில் அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் மணலிப் புகையும் எண்ணூர்ச் சாம்பலும் கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற தூசியும் ஒன்றாக அடிக்கும். வண்டியில் ஏறினவர்கள் பெல்ட் போடுகிறார்களோ இல்லையோ, உள்காத்து பட்டனை அழுத்திவிடுவார்கள்.

கடை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பொது. கேஸ், கம்ப்ரசர், குழாய் எல்லாம் அவர் பக்கம். வயர், வயர்களை இணைக்கிற கப்ளர், மோட்டார், மாடூல் எல்லாம் என் பக்கம். எந்த வண்டி வந்தாலும் அவர் "கேஸ் கம்மிதான்" என்பார், நான் "வயர்தான்" என்பேன். கல்யாணமான நாள் முதல் இதே சண்டை. ஒரு நாள் சத்தம் இல்லாமல் இருந்தால் பக்கத்து டயர் கடைக்காரர் எங்களில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்க வந்துவிடுவார்.

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். பொம்பளை வயர் பார்க்கிறாளா என்று வாசலிலேயே தயங்கி நிற்கிறவர்கள்மேல்கூட அவ்வளவு வராது, அவர்கள் தானாக வழிக்கு வருவார்கள். சோதித்துப் பார்க்காமல் சாமானை மாற்றுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன கோளாறு என்று தெரியாவிட்டால் "மாடூல் போச்சு" என்று சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். மாடூல் என்பது ஏசிக்கு மூளை மாதிரி ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் என்ன இருக்கிறது என்று வண்டிக்காரருக்குத் தெரியாது, சொல்கிறவருக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரியாத ஒன்றின்மேல் பழியைப் போட்டால் வாக்குவாதமே வராது. அந்த ரெண்டு வார்த்தையை என் வாயால் சொல்வதில்லை என்று நான் வீம்பாக இருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளைக் கார் வந்தது.

ஓட்டிக்கொண்டு வந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் ஊரான காத்திவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே பேசினார்.

"உள்காத்து நிக்க மாட்டுதுமா. அமுக்கினா எரியுது, ஓட்டிகினு போம்போது அதுவா அணைஞ்சிடுது. லாரி லைன்ல மாட்டிகினு கீறப்ப வெளிக்காத்து அப்படியே உள்ள வருது. வூட்டம்மாவுக்கு ஆவாது."

மனைவிக்கு நுரையீரலில் தழும்பு ஏறிப்போயிருந்தது. கட்டிய வீட்டை விட்டு அவர் எங்கும் வர மாட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் அடிக்கடி போக வேண்டும். அதற்கு லாரிகள் வரிசைகட்டி நிற்கிற அந்த ஒரே சாலைதான் வழி. புகையும் தூசியும் உள்ளே போகவே கூடாது, ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த நுரையீரல் கொஞ்சம் சுருங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மருந்து வாங்கப் போகிற பயணமே நோயை வளர்த்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. சொல்லும்போது ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

பின்சீட்டில் ஒரு பை நிறையக் கழற்றிய சாமான்கள் இருந்தன. ஃபில்டர், காற்றுத் தடுப்பைத் திருப்புகிற குட்டி மோட்டார், கடைசியாக மாடூல். ஒவ்வொரு கடையிலும் ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். கோளாறு மட்டும் மாறவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பையை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கேஸ் ஒரு தடவ செக் பண்ணிடலாமா?" என்றார். நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

முதலில் நின்ற இடத்திலேயே சோதித்தேன். மாடூலின் கப்ளரைக் கழற்றி, கரன்ட் வருகிற வயருக்கும் எர்த்துக்கும் நடுவே பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கோர்த்தேன். மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் அரைகுறையாக அறுந்த வயரும் நல்ல பிள்ளை மாதிரி முழு வோல்ட் காட்டும். பல்பு பளிச்சென்று எரிந்தது, அதில் பழுது இல்லை. பிறகு தடுப்பு மோட்டாருக்குப் போகிற வயர்கள். அவற்றில் பல்பை வைக்கக் கூடாது, மெல்லிய வேலைக்கான வயர்கள், அதற்கு மீட்டர்தான். ஒவ்வொன்றும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா, நடுவில் எங்காவது பாடியில் இடிக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கைக்கு எட்டிய வயர்க்கட்டை எல்லாம் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். உள்காத்து விளக்கு அணையாமல் எரிந்தது.

"இங்க நல்லாத்தான் எரியும்" என்றார் அவர். "மத்த கடையிலயும் இப்டித்தான் எரிஞ்சுது."

அந்தக் குரலில் நம்பிக்கை போயிருந்தது. அடுத்து எப்போது ஆஸ்பத்திரி என்று கேட்டேன். சொன்னார். அன்றைக்கு நானும் வண்டியில் வருகிறேன், ஓடுகிற வண்டியில் வைத்துத்தான் இதைப் பிடிக்க முடியும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, "அவ பேச மாட்டா, ஒண்ணும் நெனச்சுக்காத" என்றார்.

அந்த நாள் காலையில் வண்டி கடைக்கு வந்தபோது அவர் மனைவி பின்சீட்டில் இருந்தார், எனக்கு அக்கா. மெலிந்த உடம்பு, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க், மடியில் செபமாலை. நான் வணக்கம் சொன்னதற்குக் கண்ணால் பதில் சொன்னார். ஆக்சிஜன் டப்பா ஒன்று பக்கத்தில் குழந்தை மாதிரி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

நான் முன்சீட்டில் ஏறி, மாடூலின் கப்ளர் பின்பக்கமாகக் குண்டூசிகளைச் செருகி மீட்டரை மாட்டிக்கொண்டேன். தடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று மோட்டார் மாடூலுக்குத் தகவல் சொல்கிற வயர் ஒன்று உண்டு. என் சந்தேகம் அதன்மேல்தான். அந்தத் தகவல் நின்றுபோனால் மாடூல் பயந்துவிடும். தடுப்பு எங்கே இருக்கிறதென்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று வெளிக்காற்றைத் திறந்துவிடும். கண்ணாடியில் பனி படர்ந்து டிரைவருக்கு வழி தெரியாமல் போகக் கூடாதென்று அப்படி அமைத்திருக்கிறார்கள். பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்து செய்தவர்களுக்கு எண்ணூர் எப்படித் தெரியும்?

கொஞ்ச தூரம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பக்கம் கடல், கரையில் கொட்டிய பாறைகள், மறு பக்கம் அசையாமல் நிற்கிற லாரிகள். வரிசையில் நாங்களும் நின்று நின்று நகர்ந்தோம். ஓரிடத்தில் சாலை பெயர்ந்து பள்ளமாகிக் கிடந்தது. முன்சக்கரம் அதில் இறங்கி ஏறியபோது மீட்டரில் இருந்த எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது. உள்காத்து விளக்கு அணைந்தது. டேஷ்போர்டுக்குள் தடுப்பு திரும்புகிற சத்தம் கேட்டது. அடுத்த மூச்சிலேயே டீசல் புகை எங்கள் முகத்தில் அடித்தது.

பின்னால் இருமல் ஆரம்பித்தது. அவர் அவசரமாக மொத்த ஏசியையும் அணைத்துவிட்டு, பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். அது எரியவில்லை. வண்டியை அணைத்துத் திரும்ப எடுத்தால்தான் எரியும் என்றார். லாரிகளுக்கு நடுவில் நின்று அணைத்து எடுத்தார். பின்னால் ஹாரன் அலறியது. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பார்க்கத்தான் போயிருந்தேன்.

இன்னொரு பள்ளம் வந்தது. இந்த முறை நான் மீட்டரை மட்டும் பார்க்கவில்லை. டேஷ்போர்டின்மேல், நட்ட நடுவில் ஒரு மாதா சிலை இருந்தது, அவர்கள் பேச்சில் சுரூபம். கனமான வார்ப்பு, மரப்பலகை அடி. வண்டி குலுங்கியபோது சுரூபம் லேசாக ஆடியது. அது ஆடிய அதே நொடியில் எண் விழுந்தது.

எங்கள் கடைக்கு வருகிற எல்லா வண்டியிலும் சாமி உண்டு. பிள்ளையார், முருகர், பச்சைத் துணியில் எழுதிய வசனம், சிலுவை, எல்லாம் வரும். ஆயுத பூஜை முடிந்த வாரம் பாதி வண்டிகளில் ஏசி ஒழுங்காக வேலை செய்யாது. ஸ்டீயரிங் பக்கத்தில் உள்ளே எவ்வளவு சூடு என்று பார்க்கிற குட்டித் துளை ஒன்று இருக்கும், அதற்கும் ஒரு பொட்டு வைத்து அடைத்திருப்பார்கள். ஈர்க்குச்சியால் சந்தனத்தை நோண்டி எடுத்தால் வண்டி சரியாகிவிடும். சாமிகளைப் பெரும்பாலும் பசை டேப்பில் ஒட்டுவார்கள். இந்த சுரூபம் டேப்பில் ஒட்டினது மாதிரி தெரியவில்லை. கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்து, ஆனால் வேரூன்றி நின்றது.

"இத்த யாரு வெச்சது அண்ணே?"

அவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். "புள்ள வெச்சான்" என்றார். பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார். 

ஆஸ்பத்திரியில் அக்காவைச் சக்கர நாற்காலியில் உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் நான் முன்சீட்டில் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டில் சாமான் வைக்கிற பெட்டியைக் கழற்றி, டார்ச்சையும் பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி குட்டிக் கண்ணாடியையும் உள்ளே விட்டுப் பார்த்தேன். டேஷ்போர்டின் மேல்தோலுக்கு அடியில் ஒரு நீள ஸ்க்ரூவின் முனை தெரிந்தது. சாய்வாக இறங்கியிருந்தது. ஒரு பக்கம் வயர்க்கட்டில் உரசி, அதன் முனை உள்ளே குறுக்காக ஓடுகிற இரும்புச் சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. சுரூபம் ஆடும்போதெல்லாம் ஸ்க்ரூ அந்தத் தகவல் வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவியிருக்கிறது. தோல் போன இடத்தில் செம்பு மினுங்கியது. ஒவ்வொரு குலுங்கலிலும் அந்தச் செம்பு, ஸ்க்ரூ, இரும்பு மூன்றும் ஒன்றையொன்று தொட்டு எர்த்து ஆகிவிடும். அவ்வளவுதான். மாடூல், மோட்டார், ஃபில்டர் எதன்மேலும் குற்றம் இல்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு. அவர் வந்ததும் வராததுமாக, "கெடச்சிடுச்சு அண்ணே!" என்று கத்தினேன். கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கார்க் கதவைப் பிடித்தபடி கீழே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வண்டியை வாங்கினதே மகன்தான் என்று சொன்னார். ஒரே மகன். அம்மா ஆட்டோவில் தூசியில் போக வேண்டாம், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நல்ல காற்றில் போகட்டும் என்று வாங்கினான். ஏசி தானாகவே பார்த்துக்கொள்கிற வண்டியாகத் தேடிப் பிடித்து வாங்கினான். கோயிலுக்கு எடுத்துப் போய் வண்டியையும் சுரூபத்தையும் மந்திரித்து, அன்றைக்கே சுரூபத்தை முன்னால் பொருத்தினான். அதன் பிறகு கொஞ்ச காலம்தான். நாங்கள் வந்த அதே சாலையில், வேலைக்கு பைக்கில் போனவன், ரெண்டு லாரிகளுக்கு நடுவில்.

அவர் அழவில்லை.  கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தின என் வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எம்மா, ஒண்ணு கேக்கறேன்" என்றார். "அவகிட்ட இத்த சொல்லாத. மாடூல் போச்சுன்னு சொல்லிடு."

நான் டார்ச்சை அணைத்தேன்.

"அவனாலதான் இத்தினி நாளு புகை குடிச்சிருக்கான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. அவன் ஒரு நல்லது பண்ணிட்டுப் போனான்னு அத்த நெனச்சுகினுதான் கீறா. அது ஒண்ணுதான் கீது அவளுக்கு."

வேறு யார் கேட்டிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். எத்தனையோ பேரை இந்தப் பொய்க்காகத் திட்டியிருக்கிறேன், அதையே என் வாயால் சொல்லச் சொல்கிறார். சரி என்று தலையாட்டினேன். திரும்பி வரும்போது ஸ்க்ரூவுக்கும் வயருக்கும் நடுவே ஒரு துண்டு ரப்பரை அடைத்து வைத்தேன். விளக்கு அணையாமல் வந்தது. அக்கா தூங்கிக்கொண்டு வந்தார், அல்லது கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

மறுநாள் டேஷ்போர்டை இறக்கினேன். சுரூபத்தைக் கழற்றும்போது என்னையறியாமல் கையைத் துடைத்துக்கொண்டேன். நான் அந்தக் கோயிலுக்குப் போகிறவள் இல்லை, என்றாலும் அழுக்குக் கையோடு தொட மனம் வரவில்லை. ஸ்க்ரூ துருவே பிடிக்காத நல்ல ரகம். கடல்காற்றுக்குத் துருப்பிடித்துவிடுமென்று பார்த்து வாங்கியிருக்கிறான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு அக்கறையான பிள்ளை, எவ்வளவு முட்டாள் பிள்ளை என்று மாறி மாறித் தோன்றியது. எனக்கு அந்த முகம் தெரியாத பையன்மேல் கோபம் வந்தது. அந்தச் சாலைமேல் அதைவிடக் கோபம் வந்தது.

வயரைச் சீவின இடத்தில் வெட்டி, பற்றவைத்து, உறை போட்டு, வயர்க்கட்டை வேறு வழியாகத் திருப்பிக் கட்டினேன். சுரூபத்தை நல்ல டேப்பில் நேராக ஒட்டினேன். ஸ்க்ரூவை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேலை செய்யும்போது சுடிதார்மேல் என் வீட்டுக்காரரின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வது என் வழக்கம்.

வண்டியை எடுக்க இருவரும் ஆட்டோவில் வந்தார்கள். வரும்போதே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டார், அக்கா அதில் உட்காராமல் காரிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஜாடை காட்டினார். பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஏறவில்லை. முன்கதவுப் பக்கம் நின்று கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"மாடூல்தான் போயிருந்துச்சுக்கா. மாத்தியாச்சு."

அக்கா திரும்பவில்லை. அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டார். என் வீட்டுக்காரர் அவருடைய தோளில் கைபோட்டு, "வாங்கண்ணே, டீ ஒண்ணு குடிப்போம்" என்று எதிர்க்கடைக்கு அழைத்துப் போனார். வீட்டுக்காரருக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். கேஸ் ஆள் என்றாலும் மனுஷன் நல்லவர்.

அவர்கள் சாலையைத் தாண்டினதும் அக்கா மாஸ்க்கைக் கொஞ்சம் கீழே இறக்கினார். அன்றைக்குத்தான் அவர் பேசிக் கேட்டேன். நாலு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கிப் பேசினார்.

"மாடூலுக்கு எதுக்கும்மா மாதாவ எடுத்தே?"

நான் சுரூபத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"சாஞ்சு இருப்பாங்க. என் பக்கமா. அவன் கோணலா மாட்டிட்டான். நான் திட்டினேன். 'உன் பக்கந்தாம்மா பாக்குறாங்க, வுடு'ன்னான்." நிறுத்தினார். "அவன் போனப்பறம் முன்னாடி உக்கார முடியல. இப்ப நேரா கீறாங்க. அந்த ஸ்க்ரூவா?"

பொய்யை ரெண்டாவது முறை சொல்ல என்னால் முடியவில்லை. "ஆமாக்கா" என்றேன். "வயர்ல உரசிகினு இருந்துச்சு."

அவர் காரின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். விழுந்துவிடுவாரோ என்று பயந்து நான் பிடித்தேன். கை காற்று மாதிரி இருந்தது.

"அவன் டேப்புதான் போடறேன்னான்" என்றார். "நான்தான் வோணாம்னேன். வெயில்ல வுட்டுடும், மந்திரிச்ச சுரூபம் கீய வுழக்கூடாதுடா, ஸ்க்ரூ போடுன்னேன். போயி கடையில கீறதிலேயே நீளமாப் பாத்து வாங்கியாந்தான்." மறுபடி நின்றார். "புள்ள மேல தப்பு இல்ல."

"யார் மேலயும் தப்பு இல்லக்கா."

"அவரு சொல்ல வோணாம்னாரா?"

"ஆமாக்கா."

"பாவம்" என்றார். தனக்குத்தானே சொல்வது போல இன்னொரு முறை, "பாவம் அந்த மனுசன்" என்றார். எதிர்ப்பக்கம் டீக்கடையில் அண்ணன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஸ்க்ரூ இன்னும் கீதா? தூக்கிப் போட்டுட்டியா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் அதன் தலையைத் தடவினார். பிறகு எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

"இதே ஸ்க்ரூ. இதே ஓட்டை. அவன் வெச்ச மாதிரியே வெய்யி. குத்தற முனைய மட்டும் வெட்டிடு."

நான் அதை வைஸில் பிடித்து, ரம்பத்தால் அறுத்தேன். நல்ல இரும்பு, சீக்கிரம் அறுபடவில்லை. அறுக்க அறுக்க என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தூசி என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வெட்டின முனையை அரத்தில் தேய்த்து மழுங்கடித்தேன். டேப்பைப் பிரித்து, பழைய ஓட்டையில் அதே கோணலாக இறக்கினேன். அடியில் இரும்புக்கும் வயருக்கும் எட்டாத உயரத்தில் அது நின்றுவிட்டதா என்று குட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். மாதா இடது பக்கம் சாய்ந்து நின்றார்கள். அறுந்து விழுந்த முனையை அக்கா கேட்டு வாங்கி, செபமாலை வைக்கிற சின்ன டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார்.

அண்ணன் திரும்பி வந்து வண்டிக்குள் குனிந்தார். சுரூபம் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, முன்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுற்றி வந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார்.

ஓட்டிப் பார்க்காமல் நான் வண்டியைக் கொடுப்பதில்லை. குண்டூசியைச் செருகி, வயரை நீட்டி, மீட்டரோடு பின்சீட்டில் ஆக்சிஜன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். எண்ணூர் சாலையில் லாரிகள் அன்றைக்கும் வரிசைகட்டி நின்றன. பள்ளம் அதே இடத்தில் இருந்தது. அண்ணன் அதைச் சுற்றிப் போகப் பார்த்தார். "உட்டு ஏத்துங்கண்ணே" என்றேன். சக்கரம் இறங்கி ஏறியது. வண்டி தூக்கிப் போட்டது. சுரூபம் ஆடி நின்றது. மீட்டரில் எண் அசையவில்லை. உள்காத்து விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எங்கள் முன்னால் ஒரு டிரெய்லர் கரும்புகையைக் கக்கியது. அது கண்ணாடியில் வந்து மோதி, பக்கவாட்டில் வழிந்து போனது. உள்ளே ஒன்றும் வரவில்லை.

 அந்தச் சாலையில் எந்த இடத்தில் மகன் விழுந்தான் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இருவருக்கும் தெரியும். வண்டி ஓரிடத்தில் வழக்கத்தைவிட மெதுவாக ஊர்ந்தபோது அண்ணனின் இடதுகை கியரிலிருந்து எழுந்து, மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அக்கா மாஸ்க்கை மெல்லக் கழற்றி மடியில் வைத்தார். அந்த இடத்தைத் தாண்டும்வரை வெறும் மூக்கால், நிறுத்தி நிறுத்தி, மூச்சு விட்டுக்கொண்டு வந்தார்.